எந்த பி.டி.ஓ.? பெங்களூரு ஊரகத்துக்குக் குடிவந்தவர்களுக்குக் கிராமப் பஞ்சாயத்து பற்றி ஓர் அறிமுகம்

ஹொஸ்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வீடு கட்டிக் குடியேறிய புதிதில், நான்கு நாட்களாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னபோது, "பி.டி.ஓ.வைப் போய்ப் பாருங்கள்" என்றார்கள். நான் ஆரணிப் பக்கத்துக்காரன். எனக்குத் தெரிந்த பி.டி.ஓ. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், வாசலில் ஜீப் நிற்க, உள்ளே மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருப்பவர். ஆகவே ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாலுகா பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய், மதியம் வரை பெஞ்சில் காத்திருந்தேன். கடைசியில் அங்கிருந்த எழுத்தர் ஒருவர் என் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, நான் தேடும் ஆள் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கட்டடத்தில்தான் இருக்கிறார் என்று சிரிக்காமல் சொன்னார்.

இரண்டு பதவிகளையும் தமிழில் "பி.டி.ஓ." என்றே எழுதுகிறோம், அப்படியே சொல்கிறோம் என்பதால் வந்த வினை அது. தமிழ்நாட்டு பி.டி.ஓ. (BDO) வட்டார வளர்ச்சி அலுவலர். ஓர் ஒன்றியத்தில் அடங்கிய எல்லா ஊராட்சிகளுக்கும் மேலே இருப்பவர். கர்நாடகத்து பி.டி.ஓ. (PDO) பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரி. ஒரு கிராமப் பஞ்சாயத்தின் அன்றாட நிர்வாகத்தை நடத்தும் அரசு ஊழியர். தலைவர், கிராம சபை, ஜமாபந்தி என்று இன்னும் பல சொற்களும் இதே வகையில் நம்மை ஏமாற்றக் கூடியவை. சொல் நம்முடன் பேருந்து ஏறி வந்துவிட்டது, பொருள் ஊரிலேயே தங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வாடகைக்கும் மனை விலைக்கும் அஞ்சி நகரத்தைத் தாண்டி வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பொருளை இங்கே புதிதாகக் கற்றுக்கொள்ள உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் மாவட்டம். பழைய பெங்களூரு மாவட்டம் 1986-ல் நகரம், ஊரகம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2007-ல் ராமநகரம் தனி மாவட்டமாகப் பிரிந்து போன பிறகு, ஊரகத்தில் எஞ்சியவை தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், ஹொஸ்கோட்டை, நெலமங்கலா ஆகிய நான்கு தாலுகாக்கள் மட்டுமே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர மாவட்டத்தில் 96 லட்சம் பேர் இருந்தபோது, ஊரக மாவட்டத்தில் இருந்தவர்கள் 10 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய மாவட்டத்தின் தலைமை அலுவலகங்கள் நெடுங்காலம் அந்த மாவட்டத்திலேயே இல்லாமல் பெங்களூரு நகரத்துக்குள் இயங்கின என்பதும், நாம் ஊருக்குப் பறக்கும் கெம்பேகௌடா விமான நிலையம் நிர்வாகக் கணக்கில் இந்த ஊரக மாவட்டத்தில்தான் அமைந்திருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஆனேக்கல், அத்திபெலெ பக்கம் இருப்பவர்கள் நகர மாவட்டத்தில் வருவார்கள்; ஆனால் கிராமப் பஞ்சாயத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சட்டம் ஒன்றுதான் என்பதால், இங்கே சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

அந்தச் சட்டம் 1993-ஆம் ஆண்டின் கர்நாடகப் பஞ்சாயத்து ராஜ் சட்டம்; இப்போது அதன் பெயர் கர்நாடகக் கிராம ஸ்வராஜ் மற்றும் பஞ்சாயத்து ராஜ் சட்டம். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது; அடுத்த மாதமே கர்நாடகம் தன் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. இந்த வேகத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1983-லேயே ராமகிருஷ்ண ஹெக்டே ஆட்சியில் இங்கு ஒரு பஞ்சாயத்துச் சட்டம் இயற்றப்பட்டு, அதன்படி 1987-ல் தேர்தல் நடந்து, பெண்களுக்கு 25% இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதை முன்னின்று நடத்திய அமைச்சர் அப்துல் நசீர் சாப். கிராமம் கிராமமாக ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்ததால் மக்கள் அவரை "நீர் சாப்" என்றே அழைத்தார்கள். இன்று கர்நாடகக் கிராமப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு உரிய இடம் சரிபாதி.

தலைவர் யாருடைய தலைவர்?

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை நாம் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம்; வார்டு உறுப்பினர் தேர்தலைவிடத் தலைவர் தேர்தலுக்குத்தான் ஊரே திரளும். கர்நாடகத்தில் மக்கள் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்களை மட்டுமே. ஏறக்குறைய 400 பேருக்கு ஓர் உறுப்பினர் என்பது சட்டத்தின் அளவு. ஒரு வார்டுக்கு ஒரே உறுப்பினர் என்ற கணக்கும் இங்கு இல்லை; இரண்டு, மூன்று உறுப்பினர்கள் ஒரே வார்டிலிருந்து வருவது வழக்கம் என்பதால், வாக்காளர் ஒவ்வொருவரும் தம் வார்டில் எத்தனை உறுப்பினர் இடங்களோ அத்தனை வாக்குகள் போடலாம். இந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. சுவரொட்டியில் எந்தத் தலைவரின் படம் சிரித்தாலும் சீட்டில் இருப்பது தேர்தல் ஆணையம் கொடுத்த சின்னம்தான்.

இப்படித் தேர்வான உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை அத்யக்ஷராகவும் (தலைவர்) மற்றொருவரை உபாத்யக்ஷராகவும் (துணைத் தலைவர்) தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்தாண்டுப் பதவிக்காலம் இரண்டாகப் பகுக்கப்பட்டு, 30 மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பதவிகள் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப்படி கைமாறுகின்றன. பத்து இருபது பேர் கையில் முடிவு இருக்கும்போது என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை: அத்யக்ஷர் தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் உறுப்பினர்கள் கூட்டமாகக் கோயில் சுற்றுலாவுக்கோ ரிசார்ட்டுக்கோ கிளம்பிவிடுவதும், வாக்கெடுப்பு அன்று காலை வேனில் நேரே பஞ்சாயத்து வாசலில் வந்து இறங்குவதும் கன்னட நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வாடிக்கையான செய்தி. நேரடித் தேர்தலே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பட்டியல் இனத்துப் பெண் ஒருவர் தன் முறை வந்து, பெரிய செலவில்லாமல் அத்யக்ஷராவது இந்த முறையில்தான் சற்று எளிது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கே பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று அத்யக்ஷருடையது, மற்றொன்று பி.டி.ஓ.வுடையது. தமிழ்நாட்டில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடுவார்கள். அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட இருவர். கர்நாடகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர், அரசு நியமித்தவர் ஒருவர். பி.டி.ஓ. மாற்றலாகிப் போய், புதியவர் வந்து பொறுப்பேற்கும்வரை ஊரில் ஒரு தெருவிளக்குக்கூட மாட்டப்படாமல் கிடப்பது ஏன் என்று வியப்பவர்களுக்கு விடை இந்த இரண்டாவது கையெழுத்தில் இருக்கிறது.

கிராமப் பஞ்சாயத்துக்கு மேலே தாலுகா பஞ்சாயத்தும் அதற்கு மேலே ஜில்லா பஞ்சாயத்தும் இருக்கின்றன. அவற்றின் உறுப்பினர்களுக்கான தேர்தல் 2016-ல் நடந்தது. 2021-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படாமல், அதிகாரிகளே அவற்றை நிர்வகித்து வந்தார்கள். அவற்றைப் பற்றி இதற்கு மேல் ஓர் அறிமுகக் கட்டுரையில் சொல்ல ஒன்றுமில்லை.

வரி ரசீதைப் படிப்பது

எங்கள் ஊரில் பில் கலெக்டர் என்று ஒருவர் இருக்கிறார். பெயரைக் கேட்டு மாவட்ட ஆட்சியரின் உறவு என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு வரியையும் தண்ணீர்க் கட்டணத்தையும் வசூலிக்கும் பஞ்சாயத்து ஊழியரின் பதவிப் பெயரே அதுதான். வீட்டு வரியை இங்கே பெரியவர்கள் "மனெ கந்தாய" என்பார்கள். கொங்குநாட்டுக்காரர்களுக்குக் கந்தாயம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. அவர் கொடுத்த முதல் ரசீதை நான் வரி வரியாகப் படித்தேன். வீட்டு வரிக்குக் கீழே சுகாதாரத் தீர்வை, கல்வித் தீர்வை, நூலகத் தீர்வை என்று போய், கடைசியில் பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கான தீர்வை என்று ஒரு சிறு தொகை இருந்தது. பிச்சையெடுப்பதைத் தடுக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகத்தின் உள்ளாட்சிகள் எல்லாம் வசூலித்துக் கொடுக்கும் தொகை அது. நூலகத் தீர்வை எங்கே போகிறது என்று கேட்டதற்கு, பஞ்சாயத்துக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த "அறிவு கேந்திரா"வைக் காட்டினார்கள். அங்கே எங்கள் தெருப் பிள்ளைகள் மாலையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்; புத்தகமும் இருந்தது.

சொந்த வரி வருமானம் பஞ்சாயத்தின் நிதியில் ஒரு பகுதிதான். ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியமும் மாநில அரசின் ஒதுக்கீடும் இன்னொரு பகுதி. இந்த மானியத்தைப் பற்றி ஒரு விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், ஊரில் நடக்கும் பாதிச் சண்டைகளின் காரணம் விளங்கிவிடும். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குக் கிராமப்புற உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60% குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடத் தக்கது; மீதி 40%-ஐத்தான் பஞ்சாயத்து தன் விருப்பப்படி சாலைக்கோ விளக்குக்கோ கழிவுநீர்க் கால்வாய் மூடிக்கோ பயன்படுத்த முடியும், சம்பளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எனவே, கணக்கில் பணம் இருக்கிறது என்று ஒருவர் சொல்வதும், சாலை போடப் பணம் இல்லை என்று பி.டி.ஓ. சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். "கட்டு உள்ள பணமா, கட்டு இல்லாத பணமா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், நம்மிடம் அதுவரை கண்டும் காணாமலும் பேசிக்கொண்டிருந்தவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார்.

காத்தாவைப் பற்றிச் சொல்லாமல் பெங்களூருத் தமிழர்களுக்குப் பஞ்சாயத்தை விளக்க முடியாது. காத்தா என்பது பட்டா அல்ல. உரிமைப் பத்திரமும் அல்ல. யார் பெயரில் வரி விதிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் பஞ்சாயத்துக் கணக்கு, அவ்வளவுதான். இப்போது இது "இ-ஸ்வத்து" என்ற கணினி முறை வழியாகப் படிவம் 9, படிவம் 11 என்ற பெயர்களில் வருகிறது. முறைப்படி நிலவகை மாற்றப்பட்டு அனுமதி பெற்ற மனைக்கும், நம் ஊர் நத்தத்துக்கு நிகரான கிராம டாணா வீட்டுக்கும் படிவம் 9 கிடைக்கும். அனுமதியில்லாமல் விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்ற "ரெவின்யூ சைட்" என்றால் வருவது 11-பி. வரி வாங்கிக்கொண்டு பதிவு செய்திருக்கிறார்கள் என்பதற்காக 11-பி-யைச் சட்டப்படியான அங்கீகாரமாக எண்ணிக் கடன் வாங்கியவர்கள் பலர். விவசாய நிலத்துக்கான பஹணி, சிட்டா-அடங்கலைப் போல வருவாய்த் துறையின் ஆவணம். அதற்குப் பஞ்சாயத்தில் போய் நிற்பது வீண், தாசில்தார் அலுவலகத்துக்கோ "நாட கச்சேரி" எனப்படும் உள்ளூர் வருவாய் அலுவலகத்துக்கோ போக வேண்டும்.

கிராம சபையில் யார் உறுப்பினர்?

என் கணிப்பில் இந்தக் கட்டுரைக்கே அச்சாணி இந்தப் பகுதிதான். கிராமப் பஞ்சாயத்து வேறு, கிராம சபை வேறு. முன்னது தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. பின்னது அந்தப் பஞ்சாயத்துப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் அடங்கிய அவை. அரசியலமைப்பின் 243-வது பிரிவு தரும் வரையறையே இப்படித்தான் இருக்கிறது. பஞ்சாயத்தின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், நிர்வாக அதிகாரி வந்து உட்கார்ந்தாலும் கிராம சபை கலைவதில்லை; வாக்காளர்கள் இருக்கும்வரை அதுவும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் உள்ளிட்ட நாட்களைக் கிராம சபைக்குக் குறித்திருப்பதால், வெளியூரில் இருந்தாலும் நமக்கு அது தெரியும். கர்நாடகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட்ட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. தேதி பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து மாறும். அதற்கு முன்பாக ஒவ்வொரு வார்டிலும் "வார்டு சபே" நடக்க வேண்டும். வேலைகளின் பட்டியலும், அரசு வீட்டுத் திட்டங்களின் பயனாளிகள் பட்டியலும் அங்கேதான் முளைக்கின்றன. கிராம சபை செல்லுபடியாக வாக்காளர்களில் 10-ல் ஒரு பங்கோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் வர வேண்டும். வருபவர்களில் பெண்களும் பட்டியல் இனத்தவரும் போதிய அளவில் இருக்க வேண்டும்.

நான் முதலில் போன வார்டு சபே ஒரு மாரியம்மன் கோயில் திண்ணையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பத்துப் பன்னிரண்டு, மேசை ஒன்று, அதன்மேல் வருகைக் கையெழுத்துக்கான நீளமான பதிவேடு, அது காற்றில் புரளாமலிருக்க ஒரு எவர்சில்வர் செம்பு. முன்வரிசையில் மகளிர் குழுவினர், பின்னால் வேலிக்கு வெளியே நின்றபடி இளைஞர்கள். எங்கள் தெருவில் மூன்று கம்பங்களில் விளக்கு எரியவில்லை என்று அரைகுறைக் கன்னடத்தில் நான் ஆரம்பித்ததும், உறுப்பினரான அம்மா நல்ல தமிழிலேயே குறுக்கிட்டு, "பேசுங்க சார், பரவாயில்ல. ஆனா உங்க ஓட்டு எங்க இருக்கு?" என்றார். ஆரணியில் என்றேன். அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இங்க மாத்திக்கிட்டு வந்தீங்கன்னா கையெழுத்தும் போடலாம்" என்றார். விளக்கைக் குறித்துக்கொண்டார்கள், என் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை.

வீடு இங்கே, வரி இங்கே, ரேஷன் அட்டையும் வாக்கும் ஊரில் என்பதுதான் நம்மில் பெரும்பாலோரின் நிலை. பொங்கலுக்குப் போகும்போது வாக்குச்சீட்டும் ஊரில் இருக்கட்டுமே என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் வரி கட்டுபவர் என்றொரு உறுப்பினர் கிடையாது, வாக்காளர்தான் உறுப்பினர். உள்ளாட்சித் தேர்தலின் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதால், அதில் முகவரியை மாற்றினால் போதும். குடிமாறியவர்கள் நிரப்ப வேண்டியது படிவம் 8. எங்குமே பெயர் இல்லாதவர்களுக்குத்தான் படிவம் 6. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிக்காது.

தேதியை எப்படித் தெரிந்துகொள்வது என்பது அடுத்த சிக்கல். பெங்களூரில் அச்சாகும் தமிழ் நாளிதழ்களில் சட்டமன்றச் செய்தி வரும், மேகேதாட்டு வரும், ஹொஸ்கோட்டை விபத்தும் வரும். ஒரு வார்டின் சபே எந்தத் திண்ணையில் என்பது வராது. கன்னடத் தாள்களிலும் வராது. அது பஞ்சாயத்து அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும், காலையில் குப்பை எடுக்க வரும் "ஸ்வச்ச வாஹினி" வண்டியின் ஒலிபெருக்கியிலும்தான் வரும். பாட்டு நின்று பேச்சு வந்தால் ஜன்னலைத் திறந்து கேளுங்கள். "கிராம சபே", "வார்டு சபே", "ஜமாபந்தி" என்ற மூன்று சொற்கள் காதில் விழுந்தால் போதும். இதில் ஜமாபந்தி, தமிழ்நாட்டில் கோடைக்காலத்தில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் வருவாய்த் தீர்வாயம் அல்ல. சென்ற ஆண்டின் வரவுசெலவையும் வேலைகளையும் மேலதிகாரி முன்னிலையில், ஊரார் கேள்வி கேட்கும்படி சரிபார்க்கும் நாள். எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று அன்று கேட்டால் கணக்குப் புத்தகம் மேசையிலேயே இருக்கும்.

கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள், அங்கே எழுதப்பட்ட நடவளிப் புத்தகத்தின், அதாவது தீர்மானப் பதிவேட்டின், நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். பஞ்சாயத்தின் பொதுத் தகவல் அதிகாரி பி.டி.ஓ.தான், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் அறிவு கேந்திராவில் கேரம் ஆடும் பிள்ளைகளைக் கேளுங்கள். எங்கள் தெருவில் வீட்டில் தமிழ் பேசும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுதிக்கொடுத்து, என் பெயரில் இருந்த எழுத்துப்பிழையையும் சேர்த்துத் திருத்தினாள்.